பஞ்சு பறக்கும் தெருவில் பச்சை சைக்கிள்

சைக்கிளுக்கு முடி முளைத்துவிட்டது. பெயிண்ட் அடித்தவன் நான்.

பெயிண்ட் அடிப்பது சுலபமான தொழில் என்று சொல்கிறவர்கள் இரண்டு வகை. அடித்தே பார்க்காதவர்கள் ஒரு வகை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. பழைய கட்டிலுக்கோ ஜன்னல் கம்பிக்கோ நாமே அடித்துக்கொண்டால் காசு மிச்சம் என்று நினைத்து, கடைசியில் பனியனையும் கெடுத்து, பெண்டாட்டியிடம் பேச்சும் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இதைப் படிக்கலாம். மற்றவர்கள் படித்துப் பிரயோஜனமில்லை.

என் வீடு சோமனூரில். தெரு முழுக்க விசைத்தறிக் கொட்டகைகள். அதில் ஆறுச்சாமி முதலாளியின் கொட்டகையில் இருபது வருசத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஓய்ந்தேன். ஓய்ந்த கைக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது.

சீரில் ஒரு சைக்கிள்

என் தங்கை பாப்பாத்தியை அன்னூர்ப் பக்கம் கொடுத்திருந்தோம். அவள் மகள் கவிதா எட்டாவது முடித்த கோடையில் வயசுக்கு வந்தாள். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் அன்னூருக்குப் போக வேண்டும். பஸ் வந்தால் வரும். பாப்பாத்தியின் புருசன், மாப்பிள்ளை ரங்கசாமி, "பெரிய மனுசி ஆயிட்டா, அத்தனை தூரம் நடந்து போக வேண்டாம், எட்டு போதும்" என்று முடித்துவிட்டார். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

பாப்பாத்தி என் வீட்டுக்கு வந்தாள். வயசுக்கு வந்த பெண்ணுக்குச் செய்கிற திரட்டிச் சீரில் தாய்மாமன் நான் ஒரு சைக்கிள் வைக்க வேண்டும் என்றாள். சபையில் தாய்மாமன் வைத்த சீரை எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று தள்ள முடியாது. தள்ளினால் பெண்டாட்டியின் பிறந்த வீட்டையே தள்ளியதாக அர்த்தம். சைக்கிள் வீட்டுக்குள் வந்துவிட்டால் பிறகு நடந்து போகிற தூரம் என்று சொல்ல மாப்பிள்ளையால் ஆகாது. அதுதான் அவள் கணக்கு. புது சைக்கிளுக்கு எனக்கு வசதி இல்லை என்றேன். ஆனால் துருப்பிடித்ததைக் கொண்டுபோய் நிறுத்தினால் மாப்பிள்ளை அதை மாட்டுக் கொட்டகையில் சாத்திவிடுவார். அதுவும் எனக்குத் தெரியும்.

பாப்பாத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "புதுசு வேண்டாமுங்ணா. பழசுன்னு எல்லாத்துக்கும் தெரியட்டும். ஆனா அதை எடுத்துச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரக் கூடாது."

தறிப் பச்சை

போத்தனூரில் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன ஒரு அம்மா லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவதாகக் கேள்விப்பட்டு, போய் எடுத்து வந்தேன். சக்கரம் நன்றாக இருந்தது. செயின் நன்றாக இருந்தது. ஃபிரேம்தான் கண்றாவி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கறுப்புக்குக் கீழே சிவப்பு வந்தது. சிவப்புக்குக் கீழே துரு வந்தது. துருவுக்குக் கீழே ஓட்டை வருமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

கோயமுத்தூரில் சூளையில் வைத்து பெயிண்ட் அடித்துத் தருகிற கடைகள் உண்டு. விசாரித்தேன். அவர்கள் கேட்டதற்கு இன்னொரு பழைய சைக்கிளே வாங்கலாம். அப்போதுதான் மாரப்பன் வந்தான். ஆறுச்சாமி முதலாளியின் கொட்டகையில் எனக்குப் பிறகு ஃபிட்டர் அவன்தான். தறிக்கு அடித்து மிச்சமான பெயிண்ட்டை முதலாளியின் மகன் சின்ன முதலாளியிடம் கேட்டு ஒரு டப்பாவில் வாங்கி வந்திருந்தான். அதே தறிப் பச்சை. எண்ணெய் பட்டாலும் அடி பட்டாலும் போகாது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாரப்பன் டப்பாவை வைத்துவிட்டு, மூஞ்சியைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "பாத்து ஓட்டச் சொல்லுங்ணா. மிதிக்க மிதிக்கப் பின்னாடி துணி வந்தாலும் வரும்."

முடி

வாசல் வேம்பில் கம்பி கட்டி ஃபிரேமைத் தொங்கவிட்டு, ஒரு நாள் காலையில் நிதானமாக அடித்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தேன். சைக்கிளுக்கு முடி முளைத்திருந்தது.

வேறொன்றுமில்லை, பஞ்சு. எங்கள் தெருவில் தறி ஓடுகிற வரைக்கும் பஞ்சு பறக்கும். சோற்றில் விழும், காதில் போகும், சாமி படத்தில் ஒட்டும். இத்தனை வருசம் அதற்குள்ளேயே கிடந்தவன் நான். ஈரப் பெயிண்ட்டை அதன் நடுவில் தொங்கவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியூர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். தெருவில் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்தியிருப்பான்.

பால்காரர் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்ணா, இது சைக்கிளுங்களா, செம்மறியாடுங்களா?"

வார லீவு

எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். தறி ஓடாத நாளில் அடிப்பது என்று முடிவு செய்தேன். வாரத்தில் ஒரு நாள் லீவு விடுவார்கள். அன்றைக்குச் சத்தமே இல்லை. நானும் சந்தோசமாக பிரஷ்ஷை எடுத்தேன்.

லீவு நாளில்தான் கொட்டகையைக் கூட்டுவார்கள் என்பது பாதி அடித்த பிறகு ஞாபகம் வந்தது. வாரம் பூராவும் தறிக்கு அடியில் சேர்ந்த பஞ்சு மொத்தமும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. முன்னே வந்தது முடி என்றால் இது கம்பளி. கொட்டகை வாசலில் விளக்குமாறோடு நின்ற மாரப்பனைப் பார்த்துக் கத்தினேன். அவன் அங்கிருந்தே கத்தினான்: "கூட்டறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்ணா!"

கரண்ட்

அடுத்து லைன்மேனைப் பிடித்தேன். கம்பம் ஏறுகிற வேலை எப்போது வரும், கரண்டை எந்தப் பகலில் நிறுத்துவார்கள் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

அவர் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். "நீங்க ஒருத்தர்தானுங்க எப்ப நிறுத்துவேன்னு கேக்கறீங்க. மத்தவிய எல்லாம் ஏன் நிறுத்தினேன்னு அடிக்க வாராங்க. உங்க பேச்சைக் கேட்டா என்னை இந்தக் கம்பத்துலயே கட்டிப்போடுவாங்க."

வீட்டுக்குள்

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு உள் ரூமில் அடித்தேன். ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி வைத்தேன். தின்னர் நெடியில் தலை சுற்றியது. என் வீட்டுக்காரி சரசு சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு நாளைக்கு ரசத்தில் பெயிண்ட் வாசம் அடித்தது. அவள் தெரிந்தே வைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஃபிரேமில் அங்கங்கே முடி. முன்னைக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் முடி முடிதான். எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று டார்ச் அடித்து மூலை மூலையாகத் தேடினேன். சரசு கதவருகில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஓட்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. குனியறப்பெல்லாம் உங்க தலையில இருந்துதான் உழுகுது. போய்த் தலைக்குத் தண்ணி ஊத்துங்க."

எருமை

தெருவே வேண்டாம் என்று ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு நாச்சிமுத்துவின் தோட்டத்துக்குப் போனேன். சின்ன வயசிலிருந்து பழக்கம். ஊருக்கு வெளியே, தென்னைக்கு நடுவில், பஞ்சு எட்டாத இடம். தலைக்கும் குளித்துவிட்டுத்தான் போனேன். பம்புசெட் பக்கத்தில் ஒரு மரத்தில் தொங்கவிட்டு அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை போட்டோம்.

அவனுடைய எருமைக்கு முதுகில் அரிப்பு. அந்த மரத்தில்தான் தினமும் உரசுமாம். அன்றைக்கு மரத்துக்குப் பதிலாக ஃபிரேம் அகப்பட்டது. நாங்கள் சத்தம் போட்டு ஓடுவதற்குள் இந்தப் பக்கம் உரசிவிட்டு, திரும்பி நின்று அந்தப் பக்கமும் உரசிக்கொண்டது. டப்பாவில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் பெயிண்ட் இருந்தது.

நாச்சிமுத்து எருமையின் முதுகை விரலால் தொட்டுப் பார்த்தான். கோபம் ஒன்றும் இல்லை. "நல்ல பெயிண்ட்டுதான் போ. ஒரு முடி தெரியலை பாரு."

மாப்பிள்ளை வந்தார்

பாதி பச்சை, பாதி இரும்பு. ஃபிரேம் அந்தக் கோலத்தில் சுவரில் சாய்ந்திருந்தபோது மாப்பிள்ளை ரங்கசாமி திரட்டிக்கு முறையாக அழைக்க வந்தார். தேங்காய் பழத் தட்டை வாங்கி வைத்தோம். காப்பி குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எழுந்து போகிறபோதுதான் ஃபிரேமைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த எருமை மயிர் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்: "எதுக்குங்க மச்சான் உங்களுக்கு இந்தச் சிரமம்? சேலை ஒண்ணு வெச்சாப் போதும். அவ இனி எங்க போகப் போறா?"

நலம் விசாரிப்பு

தறியை நிறுத்த எங்கள் தெருவில் இன்னொரு வழி உண்டு. யாராவது செத்துப்போனால், எடுக்கிற வரைக்கும் தெருவில் ஒரு தறியும் ஓடாது. யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. அது முறை.

ஆறுச்சாமி முதலாளி அப்போது படுத்த படுக்கை. மூச்சிரைப்பு. கொட்டகையை மகன் பார்த்துக்கொண்டான். ஆனாலும் பெரியவர் கட்டிலில் கிடந்தபடியே சத்தத்தை வைத்து, "மூணாவது தறி நொண்டுது, போய்ப் பாருங்கடா" என்று கத்துவார். மூன்றாவது தறி நொண்டத்தான் செய்யும். தறியை நிறுத்து என்று அந்த வாயில் வந்ததே இல்லை. சம்சாரம் செத்த அன்றுதான் நின்றது. எடுத்துவிட்டு வந்ததும் ஈரத் துணியோடு போய் அவரே ஓட்டிவிட்டார்.

நான் தினமும் போய் அவரைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தேதி தெரிந்தால் சௌகரியம் என்று நினைத்தேன்.

"என்றா, தெனமும் வந்து நிக்கறே?" என்றார் ஒரு நாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னுங்க."

"என்கிட்ட வேலை செஞ்ச காலத்துல ஒரு நாளாச்சும் சும்மா வந்திருக்கியா நீ? சொல்லு."

சைக்கிளைச் சொன்னேன். பஞ்சைச் சொன்னேன். எருமையைச் சொன்னேன். மாப்பிள்ளை சொன்னதையும் சொன்னேன். தறி நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப நான் எப்பப் போவேன்னு பாக்க வந்திருக்கே."

"இல்லீங்க."

"பொய் சொல்லாத. உனக்கு அது வராது."

"ஆமாங்க" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இந்தப் புள்ளையோட அம்மா உன்ற தங்கச்சிதான? அவ கண்ணாலத்துக்கு லீவு கேட்டு நின்னயே, நான் எவ்வளவு குடுத்தேன்?" என்றார்.

"அரை நாளுங்க. தாலி கட்டினதும் வந்துட்டனுங்க."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன். திரும்பாமலே கேட்டார்: "பெயிண்ட்டு காயறதுக்கு அரை நாள் போதுமாடா?"

தறி நின்றது

திரட்டிக்கு முந்தின வாரம், ஒரு காலை நேரத்தில் தறி நின்றது. முதலில் ஆறுச்சாமி முதலாளியின் கொட்டகை. பிறகு எதிர்க் கொட்டகை. பிறகு தெரு முழுக்க. சரசு கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். மாரப்பன் ஓடி வந்தான். "பெரியவரு தறியை நிறுத்தச் சொல்லிப்போட்டாருங்ணா. அவரு வாயால சொல்லிப்போட்டாரு. அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது" என்று கண்ணைத் துடைத்தான். சின்ன முதலாளி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறானாம். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போய்விட்டதாம். பெஞ்சுகள் வந்தன. பந்தல்காரர் வந்து வாசலை அளந்தார். வருகிறவர்களுக்காகத் தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். மிதந்துகொண்டிருந்த பஞ்சும் அதில் படிந்தது.

நிஜமாகவே சாகக் கிடக்கிறாரா, இல்லை என்னிடம் கேட்டதை ஞாபகம் வைத்துச் செய்கிறாரா, எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால் தெரியும். போகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த ஃபிரேமை வேம்பில் மாட்டினேன். டப்பாவில் மிச்சமிருந்ததைக் கலக்கினேன்.

"ஏனுங்க, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள் சரசு. "அத்தனை வருசம் அவிய சோத்தைத் தின்னுபோட்டு, தெருவே அங்க நிக்கறப்ப நீங்க இங்க பெயிண்ட் அடிக்கறீங்க."

"அரை நாள்தான் புள்ள" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளக்க எனக்கும் நேரமில்லை. துக்கத்துக்குப் போகிறவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒருத்தர் நின்று, ஏதோ சொல்ல வந்து, காறித் துப்பிவிட்டுப் போனார். பெயிண்ட்டில் படவில்லை. போத்தனூரிலிருந்து வந்த பெரியவருடைய மைத்துனர் கார் கதவைத் திறக்கும்போதே அழுதுகொண்டு இறங்கினார். நான் அடிக் குழாயை முடித்து மேல் குழாய்க்கு வந்திருந்தேன்.

உச்சி வெயில் ஏறி இறங்கியது. தொட்டுப் பார்த்தேன். கையில் ஒட்டவில்லை. ஒரு முடி இல்லை. அப்புறம் கீழே உட்கார்ந்து பெரியவர் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று. கேட்கவில்லை. பேச்சுச் சத்தம்தான் கேட்டது. அதிலும் யாரோ யாரையோ திட்டுகிற சத்தம்.

மாரப்பன் வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். காப்பி கேட்டாராம். இரண்டு வடை தின்றாராம். இத்தனை பேருக்கு எவண்டா சொல்லி விட்டது, வந்தவர்களுக்குச் சோறு ஆக்குங்கடா என்று மகனைத் திட்டினாராம். பிறகு மாரப்பனைக் கிட்டே கூப்பிட்டு ஒரு சேதி சொல்லி அனுப்பினாராம்.

மாரப்பன் சேதியைச் சொன்னான்: "உங்ககிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாருங்ணா. 'காஞ்சுதா? காஞ்சா தறியை ஓட்டலாமா?'ன்னு."

சபை

திரட்டி அன்று சீர்த் தட்டுகள் முன்னே போக, கடைசியில் சைக்கிளை நானே உருட்டிக்கொண்டு போனேன். பழசுதான், என் கையால் பெயிண்ட் அடித்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சபைக்கு நடுவில் நிறுத்தினேன். மாப்பிள்ளை சுற்றி வந்தார். ஹேண்டில் பாருக்குக் கீழே தொடங்கிக் கடைசி வரைக்கும் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். ஒறம்பரை மொத்தமும் அவர் விரலைப் பார்த்தது. பாப்பாத்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணையில் உட்கார்ந்திருந்த கவிதா, பேசக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததை மறந்து, "மாமா, மணி இல்லீங்களா?" என்றாள். மணி இல்லை. மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மணி நான் வாங்கி மாட்டிக்கறேன், உடுங்க மச்சான். ரோட்டுல போற புள்ளைக்கு மணி இல்லாம எப்படி?"

ஜூனில் அந்தப் பிள்ளை மணி அடித்துக்கொண்டே அன்னூருக்குப் போனதும் என் கைவேலையை எல்லோரும் மெச்சினார்கள். பிரஷ் பிடிக்க எந்தக் கையாலும் முடியும், ஆனால் பெயிண்ட் காய்கிற வரைக்கும் ஒரு தெருவையே அழவைத்துக்கொண்டு அரை நாள் அசையாமல் கிடக்க முடிந்தவர் ஆறுச்சாமி முதலாளி ஒருவர்தான்.